நாய்க்குத் துக்கம், டாக்டருக்கு ஊசி

கால்நடை மருத்துவத் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம், நோயாளி வெளியில் போய் நம்மைப் பற்றி எதுவும் பேசாது. அந்தக் குறையை அதோடு கூட வருகிறவர்கள் தீர்த்து வைத்துவிடுவார்கள் என்பது வேலைக்குப் போன பிறகுதான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் வேலை பென்னாகரத்தில் கிடைத்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். பெட்டியில் பாதி புத்தகம். மருந்தகத்தில் எனக்குத் துணை கம்பவுண்டர் மாதப்பன். மாடு வரும், ஆடு வரும், எருமை வரும், கூடையில் கோழி வரும். நாய் மட்டும் வராது. நாய் கடித்த மனிதர்கள் வருவார்கள், அவர்களை ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டி அனுப்பிவிடுவோம். அதனால் நாய்களைப் பற்றிய என் அறிவு முழுவதும் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

வீட்டில் இரண்டு பிராணிகளை வளர்த்து, ஒன்று போய்ச் சேர்ந்து, மிஞ்சியது சாப்பிடாமல் கிடக்க, அதை டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒன்றுக்கும் உதவாமல் போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். நானும் உங்கள் கட்சிதான். ஒரே வித்தியாசம், மருந்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

பிரிக்காத டானிக்

பென்னாகரம் கடைவீதியில் புளி மண்டி வைத்திருந்த பாய் ஒருவர்தான் முதன்முதலில் என்னை நாய்க்காகக் கூப்பிட்டவர். மண்டிக்குள் எலிக்காக ஒரு பூனை இருந்தது. வாசலில் ஒரு தெரு நாய் படுத்திருக்கும். மத்தியான வெயிலில் பூனை வெளியே வந்து அதன் வயிற்றில் சாய்ந்து தூங்குமாம். பூனை செத்துப் போயிற்று. அன்றிலிருந்து நாய் சோறு தொடாமல், பூனை தூங்கிய சாக்கைப் பார்த்தபடியே கிடக்கிறது என்றார் பாய்.

“பாய், நாய்க்கும் பூனைக்கும் ஜென்மப் பகை. பூனை செத்தால் நாய் சந்தோஷப்படும். இது கல்லீரல் கோளாறு” என்றேன். அப்போது என் குரலில் இருந்த நிச்சயத்தை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. கண்ணின் கீழிமையைப் பிதுக்கிப் பார்த்தேன், வயிற்றை அமுக்கினேன், கல்லீரலுக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தேன். வேளைக்கு இரண்டு ஸ்பூன், சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பாடே இல்லாத நாய்க்கு எது முன்னால் என்று பாய் கேட்கவில்லை, மரியாதை தெரிந்தவர்.

சில வாரம் கழித்து அந்த வழியாகப் போனேன். நாய் எழுந்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியை நிறுத்தி, கடைவீதியில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, “என்ன பாய், டானிக் எப்படி?” என்றேன். பாய் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“சீல்கூடப் பிரிக்கலீங்க டாக்டர். அது வாயவே தொறக்கல, நாங்களும் வுட்டுட்டோம். புதுசாத்தான் இருக்குது, வேற ஏதாச்சும் நாய்க்கு ஆகும், வச்சிக்குங்க.”

கேட்காத கேள்வி

ஏரியூர் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். முனியப்பன், மாதம்மாள் என்று ஒரு தம்பதி, அவர்களுடைய மாட்டுக்குக் கன்று போட்ட பிறகு நஞ்சுக்கொடி விழவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். போய், தோள்வரை கையை விட்டு அந்த வேலையை முடித்தேன். எனக்கு ஒழுங்காக வரும் வேலைகளில் அது ஒன்று. மாதம்மாள் கை கழுவ வெந்நீர் கொண்டு வந்தபோது, “அப்படியே எங்க நாயையும் ஒருக்கா பாத்துட்டுப் போயிடுங்க, எதையும் திங்க மாட்டேங்குது” என்றார்.

வைக்கோல்போருக்குப் பின்னால் செம்பழுப்பில் ஒரு நாட்டு நாய் படுத்திருந்தது. பெயர் சின்னவன். ஆளைக் கண்டு குரைக்கவில்லை. மாட்டுப் பழக்கத்தில் மூன்று கேள்வி கேட்டேன். சாணி எப்படிப் போகிறது, மூத்திரம் எப்படிப் போகிறது, கோழி எலும்பு ஏதாவது தின்றதா. தின்றிருக்கலாம் என்றார் முனியப்பன். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. தொண்டையில் எலும்பு. சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டு நாயின் வாய்க்குள் விரல்களை விட்டுத் தேடினேன். எலும்பு அகப்படவில்லை, பல் அகப்பட்டது. விரலில் கீறல் விழுந்து லேசாக ரத்தம் கசிந்தது. நாய் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊளையிட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்.

“எப்பவுமே இப்படித்தான் கத்துமா?” என்றேன். “இல்லீங்க, பெரியவன் செத்ததுல இருந்துதான் இந்தக் கொரலு” என்றார் மாதம்மாள். பெரியவன் யார் என்று கேட்டேன். கூட இருந்த இன்னொரு நாயாம், கறுப்பு. எப்படிச் செத்தது? ராத்திரி படுத்தது, காலையில் எழுந்திருக்கவில்லை. ரத்தம் கசிந்த விரலைப் பார்த்தேன். ஒரு நாய் காரணம் தெரியாமல் செத்திருக்கிறது. இன்னொன்று தின்னவில்லை, இருட்டில் ஒளிகிறது, குரல் மாறியிருக்கிறது. வெறிநோய்ப் பாடத்தில் இருப்பது அத்தனையும் இதுதான். தொண்டையில் எலும்பு என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதே என்று அதே பாடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று கத்தியேவிட்டேன்.

மாதம்மாள் நிதானமாகச் சொன்னார்: “சாணியப் பத்திக் கேட்டீங்க, மூத்தரத்தப் பத்திக் கேட்டீங்க. செத்த நாயப் பத்தி நீங்க கேக்கலீங்களே.”

தாடை

மருந்தகத்துக்குத் திரும்பிப் பெட்டியைக் கவிழ்த்துப் புத்தகத்தை எடுத்தேன். மாதப்பன் மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டார். “வெறி புடிச்சிருந்தா கீழ்த்தாடை தொங்கோணும்ல சார்? இதுக்குத் தொங்கலைன்னு நீங்களே சொல்றீங்க.” “இன்னும் தொங்கவில்லை” என்றேன். “தண்ணி நக்குதுன்னாங்களே?” “தண்ணீரைக் கண்டு பயம் மனிதனுக்குத்தான், நாய்க்குக் கிடையாது.” எனக்குச் சாதகமாக அவர் எடுத்து வைத்த எல்லாவற்றையும் நானே வெட்டிச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. சந்தேகப்பட்ட நாயைக் கட்டி வைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். வெறி இருந்தால் அதற்குள் செத்துவிடும். உயிரோடு இருந்தால் வெறி இல்லை. மறுநாள் போய் இதைச் சொல்வதற்குள், நான் பதறியதைக் கேள்விப்பட்டு ஊர்க்கவுண்டரும் நாலு பேரும் தடியோடு வந்து நின்றார்கள். பிள்ளை குட்டி இருக்கிற இடம், அடித்துப் போட்டுவிடலாம் என்றார் கவுண்டர். மாதம்மாள் நாய்க்கு முன்னால் நின்றுகொண்டு நகரவில்லை. நான் பத்து நாள் கெடுவைச் சொன்னேன். அதுவரை மாட்டுச் சங்கிலியில் கட்டிக் கிடக்கட்டும், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றேன். கவுண்டர் தடியைக் கீழே போடாமலேயே சம்மதித்தார்.

ஆக, அந்த நாய் கெடுவைத் தாண்டினால் அது பிழைத்தது, நானும் பிழைத்தேன். தாண்டாவிட்டால் அதன் தலையை வெட்டிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், எனக்கு ஊசி முழுக் கணக்கு, அந்த வீட்டில் எல்லோருக்கும் ஊசி. இதில் ஒரு சிக்கல் இருந்தது. வெறியே இல்லாமல் வெறும் பட்டினியால் அது செத்தாலும், தலை போவது போவதுதான். இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது மாதப்பன் முகம் சுண்டிவிட்டது.

“தலையின்னதும் நெனப்பு வருதுங்க சார். போன டாக்டரு இருந்தப்ப ஐஸ் பெட்டியில வச்சு பஸ்ஸுல எடுத்துட்டுப் போனது நான்தானுங்க. உள்ள என்னன்னு சொன்னப்புறமும் லக்கேஜ் போடுவேன்னு நின்னாரு கண்டக்டரு.”

தொப்புளைச் சுற்றி

வெறிநாய்க்கடிக்கு அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி போடுவார்கள். தினம் ஒன்று. போட்டுக்கொண்டவர்கள் இந்த வரியைப் படிக்கும்போதே வயிற்றில் கை வைத்திருப்பீர்கள். கீறல் பட்டவன் கெடு முடியும்வரை காத்திருக்க முடியாது, அதனால் ஆஸ்பத்திரியில் நாய் கடித்தவர்கள் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற விவசாயி போன வாரம்தான் தன் எருமையை என்னிடம் கொண்டு வந்தவர். “உங்களையும் கடிச்சிருச்சுங்களா?” என்று அனுதாபமாகக் கேட்டார். கடிக்கவில்லை, நானாகப் போய் வாய்க்குள் கையை விட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையாட்டினேன். பாவம், அந்த நாயின் மேல் இல்லாத பழியைப் போட்டேன்.

வேட்டியை இறக்கிவிட்டு மேஜையில் படுத்தேன். எருமைக்கு ஊசி போடும்போது “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று நான் வழக்கமாகச் சொல்வேன். அன்று எனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே நான் மேஜையின் அந்தக் கோடிக்கு நகர்ந்திருந்தேன். நர்சம்மா இழுத்துக் கொண்டுவந்து இந்தக் கோடியில் போட்டார். மறுபடி நகர்ந்தேன். மூன்றாவது தடவை எருமைக்காரரைக் கூப்பிட்டு என் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவரும் நன்றாகவே பிடித்தார், பழக்கப்பட்ட கை.

மருந்து உள்ளே இறங்கி முடிந்ததும் நர்சம்மா சொன்னார்: “நீங்களே இந்த நெளி நெளியறீங்க, உங்ககிட்ட அந்த மாடுங்க எப்படித்தான் நிக்குதோ!”

கை ராசிக்காரர்

தினமும் காலையில் ஊசி, சாயங்காலம் சின்னவனைப் பார்க்கப் பயணம். தாடை தொங்குகிறதா, கால் தள்ளாடுகிறதா, உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதைவிட முக்கியமாக என் உயிரைப் பற்றி நிச்சயப்படுத்திக்கொண்டு திரும்புவேன். பிஸ்கட் கொண்டு போனேன். ஆட்டு ஈரல் கொண்டு போனேன். பால், முட்டை எல்லாம் கொண்டு போனேன். எல்லாவற்றையும் அந்த வீட்டுச் சேவல் தின்று கொழுத்தது. மாதப்பன் நாயின் வாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றினேன். விலா எலும்பு அப்படியும் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

தினம் போய் உட்கார்ந்ததில் கொஞ்சம் கொஞ்சமாக வேறு சிலதும் கண்ணில் பட்டன. அந்த நாய் சங்கிலி எட்டுகிற மட்டும் போய் ஒரே இடத்தில் படுக்கும். அது பெரியவன் படுத்திருந்த இடமாம். மண்ணை முகர்ந்து பார்த்துவிட்டு அதில் கன்னத்தை வைத்துக்கொள்ளும். தூரத்தில் எந்த நாய் குரைத்தாலும் காது நிமிரும், கேட்டுவிட்டுக் காதைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். மாதம்மாள் களியைக் கரைத்து, நடுவில் குழி விழுந்த அதன் சாப்பாட்டுக் கல்லில் ஊற்றினால், எழுந்து வந்து கல்லருகே நிற்கும். வாயில் எச்சில் ஊறும். பாதையைப் பார்க்கும். அப்புறம் போய்ப் படுத்துவிடும். எச்சிலைக் கண்டு வெறி முற்றிவிட்டது என்று ஒரு சாயங்காலம் நடுங்கிப் போனேன். ஆனால் அது பாதையைப் பார்க்கும் பார்வையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. “தின்னுடா, என் ராசா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று நாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அதில் பாதி அதற்காக, பாதி என் தொப்புளுக்காக.

எனக்குப் பின்னால் வேலியோரம் நின்ற பெண்களிடம் மாதம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம் மாமனாரு சாவக் கெடந்தப்பக்கூட ஒரு டாக்டரும் எட்டிப் பாக்கல. ஒரு நாய்க்குன்னு தெனம் வந்து அழுவறாரு பாருங்க, இவருக்கு எம்மாம் பெரிய மனசு!”

களி உருண்டை

கெடு பாதியைத் தாண்டியிருந்தது. சின்னவனுக்கு எழுந்திருக்கவே சிரமமாகிவிட்டது. அன்று சாயங்காலம் மாதம்மாள், தினம் வந்து போகிறீர்கள், ஒரு வாய் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். நாயைப் பார்த்தபடி இருக்கிறேன் என்று சங்கிலி எட்டாத தூரத்தில், அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தேன். தட்டில் கேழ்வரகுக் களி வந்தது. தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை, பக்கத்தில் கீரைக் கடைசல்.

அரிசிச் சோறு தின்று வளர்ந்தவன் நான். களியை மெல்லக் கூடாது, பிட்டுக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்பது அந்த ஜில்லாவில் பால் மறந்த குழந்தைக்குத் தெரியும். நான் மென்றேன். மெல்ல மெல்ல அது வாயில் பெரிதாகிக்கொண்டே போனது. பாதி உருண்டையோடு மூச்சு முட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து முனியப்பன், “டாக்டருக்கு இன்னொரு உருண்ட கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு அவரும் எழுந்து போனார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சப் பாதியைக் கீரையோடு சேர்த்து வழித்து அந்தக் கல்லில் போட்டேன். தட்டைக் காலி என்று காட்டுவதற்காகக் கையில் தூக்கிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. திரும்பினேன். சின்னவன் கல்லுக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்தது, நான் நகர்ந்துவிட்டேனா என்று உறுதி செய்துகொள்வது போல. பிறகு குனிந்து தின்ன ஆரம்பித்தது. கீரையை நக்கி, களியைக் கடிக்காமல், முறைப்படி விழுங்கியது. இரண்டாவது உருண்டையோடு வெளியே வந்த முனியப்பன் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளும் அது முறை வருவதற்காகப் பசியோடு காத்திருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. களி தொண்டையில் நின்றதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

முனியப்பன் மெதுவாகச் சொன்னார்: “பெரியவன் தின்னு நவுந்தாத்தான் இவன் வாய வெப்பான். குட்டியில இருந்து அப்படித்தானுங்க. இந்த ரோசன எங்க யாருக்கும் வரலீங்களே!”

மருந்து வேளை

என் சிகிச்சை முறை ஊரெல்லாம் பரவியது. டாக்டர் நாயின் மனசைப் படித்துவிட்டு, வேண்டுமென்றே பாதி களியை மிச்சம் வைத்தார் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் விருந்தாளிச் சாப்பாட்டை நாய்க்கல்லில் தள்ளியவன் என்று ஆகும். மறுநாள் சாயங்காலம் போனபோது கல்லுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சாக்கு விரித்து, தட்டில் உருண்டை தயாராக இருந்தது. சின்னவன் நின்றபடியே காத்துக்கொண்டிருந்தது, வால் ஒரு தடவை அசைந்தது.

இதற்கு நான்தான் வர வேண்டும் என்றில்லை, வீட்டில் யாராவது கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்று நகர்ந்தாலும் போதும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். காலை வேளைக்கு முனியப்பன் அப்படியே செய்தார், நாயும் தின்றது. சாயங்கால வேளைக்கு மட்டும் அவர்கள் ஒப்பவில்லை. காலையில் தொப்புளில் ஊசி, மாலையில் தொண்டையில் களி. பென்னாகரத்துக்குத் திரும்பும்போது மேடு பள்ளத்தில் வண்டி குதிக்கும், உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்து குதிக்கும். மூன்றாம் நாள், எனக்கு இன்று வயிறு சரியில்லை, அரை உருண்டை போதுமே என்றேன்.

மாதம்மாள் முழு உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மருந்தப் பாதியில நிறுத்தக் கூடாது, அளவையும் கொறைக்கக் கூடாதுன்னு மாட்டுக்கு நீங்கதானுங்க சொல்லிட்டுப் போனீங்க?”

சங்கிலி கழற்றிய சாயங்காலம்

கெடு முடிந்தது. நாய் உயிரோடு இருந்தது, தாடை அதன் இடத்தில் இருந்தது. மிச்ச ஊசி வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். ஊர்க்கவுண்டரும் மற்றவர்களும் வந்திருந்தார்கள். கவுண்டர் கையில் அன்றும் தடி இருந்தது. இதற்கு வெறி இல்லை, கூட இருந்ததை இழந்த துக்கம், அவ்வளவுதான் என்று அறிவித்தேன். புளி மண்டியில் பாய் எனக்குச் சொன்னதும் இதுதான் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாய்க்கு என்ன துக்கம் என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியப்பன் சங்கிலியை அவிழ்த்துவிட்டார்.

சின்னவன் யாரையும் பார்க்கவில்லை. நேரே கொல்லையில் கிணற்று மேட்டுக்குப் போனது. அங்கேதான் பெரியவனைப் புதைத்திருந்தார்கள். மண்ணை முகர்ந்தது, சுற்றி வந்தது, அதன் மேல் படுத்துக்கொண்டது. மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துக்கம் தீர்ந்துவிட்டதாக நான்கூட நினைத்திருந்தேன். தீரவில்லை. அதை வைத்துக்கொண்டே தின்னக் கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கூப்பிட்டால் வருமா, வராதா என்று எனக்கே பயமாக இருந்தது.

மாதம்மாள் கல்லில் களியைக் கரைத்து ஊற்றினார். சத்தம் கேட்டு அது தலையைத் தூக்கியது. எழுந்து, கூட்டத்துக்கு நடுவே நடந்து கல்லருகே வந்து நின்றது. தின்னவில்லை. அன்று பாதையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தது. மாதம்மாள் உள்ளே ஓடித் தட்டைக் கொண்டு வந்தார். அத்தனை பேர் முன்னிலையில், சர்க்கார் டாக்டர், தரையில் நாய்க்குப் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று நான் தயங்கினேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் இரண்டு வார்த்தை வெறிநோயைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தேன்.

ஊர்க்கவுண்டர் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: “டாக்டருங்களே, கூட்டத்தப் பாக்காதீங்க. சட்டுனு ரெண்டு வாய் தின்னு நவுருங்க. பாவம், அது எம்மா நேரந்தான் காத்துட்டு நிக்கும்?”

பணி ஓய்வு பெறும் வரைக்கும் எனக்கு எத்தனையோ பதவி உயர்வு வந்தது, ஆனால் செத்துப் போன ஒரு நாயின் இடத்துக்கு ஊர் கூடி என்னை நியமித்த அந்த உத்தியோகத்துக்கு மட்டும் நான் தகுதியானவன்தானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.